விதிக்குள் நின்று தோளால் நெருக்கிப் பந்தைப் பறிப்பது எப்படி?

கொழும்பில் பாடசாலை அணிகள் ஆடும் உதைபந்தாட்டப் போட்டி ஒன்றை அரைமணி நேரம் பார்த்தால் போதும். பந்தை விரட்டி ஓடும் இருவரில் ஒருவர் விழுந்த மாத்திரத்தில், எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவர்களில் ஒரு சாரார் “ஃபவுல்” என்று கத்துவதையும் மறுசாரார் “ஒன்றுமில்லை, விளையாடு” என்று மறுப்பதையும் கேட்கலாம். உண்மையில், ஒருவர் விழுந்தாரா நின்றாரா என்பதை வைத்து விதி எதையும் தீர்மானிப்பதில்லை. உடலின் எந்தப் பகுதி எதிராளியின் எந்தப் பகுதியில் பட்டது, எந்தத் திசையிலிருந்து பட்டது, எவ்வளவு வேகத்துடன் பட்டது, அந்த நேரத்தில் பந்து எங்கே இருந்தது என்பவையே கணக்கில் எடுக்கப்படுகின்றன. இவற்றைச் சரியாக அமைத்துக்கொள்ளத் தெரிந்த வீரர், தன்னைவிடப் பருமனான எதிராளியிடமிருந்தும் விசில் ஊதப்படாமலே பந்தை எடுத்துச் செல்ல முடியும்.

பதினான்கு வயதைத் தாண்டிய வீரர்களையும் அவர்களைப் பயிற்றுவிப்பவர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். அதற்குக் கீழ்ப்பட்ட வயதில் ஒரே வகுப்பில் படிக்கும் இருவருக்கிடையே உயரத்திலும் எடையிலும் பெரும் வேறுபாடு இருக்கக்கூடும் என்பதால், அவர்களுக்கு முதலில் காலால் பந்தைத் தட்டிப் பறிக்கக் கற்பிப்பதே நல்லது. மற்றவர்களுக்கு முதலிலேயே சொல்லவேண்டியது ஒன்று உண்டு. எதிராளியை வீழ்த்தும் எண்ணத்தோடு தோளைக் கொண்டுசெல்லாதீர்கள். அவருக்கும் பந்துக்கும் இடையே ஒரு காலடி வைக்கும் அளவுக்கு இடம் கிடைத்தால், தோளின் வேலை முடிந்துவிட்டது.

விதி அனுமதிப்பது எது?

உதைபந்தாட்ட விதிகளை வகுக்கும் சர்வதேச உதைபந்தாட்டச் சங்க சபை 1886ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் விதிப்புத்தகத்தில் உள்ள 17 விதிகளில், தவறுகளையும் ஒழுங்கீனங்களையும் பற்றிய 12ஆம் விதியே இங்கு நமக்கு வேண்டியது. எதிராளியோடு உடலால் மோதுவதை அந்த விதி முற்றாகத் தடைசெய்யவில்லை. வழக்கமாகத் தோளையும், உடலோடு ஒட்டி வைத்த மேற்கையையும் கொண்டு எதிராளியோடு போட்டியிடுவதை மோதல் என்று விதிப்புத்தகத்தின் சொல் விளக்கம் வரையறுக்கிறது. அந்த மோதல் கவனக்குறைவாகவோ, பொறுப்பற்ற விதத்திலோ, அளவுக்கு மீறிய பலத்துடனோ நிகழ்ந்தது என்று மத்தியஸ்தர் கருதினால் மட்டுமே எதிரணிக்கு நேரடி ஃப்ரீ கிக் (நேரே கோலுக்குள் அடிக்கக்கூடிய உதை) கிடைக்கும். கவனக்குறைவு என்றால் அட்டை இல்லை. பொறுப்பற்ற செயலுக்கு மஞ்சள் அட்டை. அளவுக்கு மீறிய பலத்துக்குச் சிவப்பு அட்டை. இதே தவறைத் தனது பெனல்டி எல்லைக்குள் ஒருவர் செய்தால் அது பெனல்டியாகிவிடும் என்பதால், அந்த எல்லைக்குள் தோளைக் கொண்டுசெல்வதற்கு முன்பு இருமுறை யோசிப்பது நன்று.

அடுத்து வருவது பந்தின் தூரம். காலை நீட்டியோ எழும்பியோ தொடக்கூடிய தூரத்தில் பந்து இருந்தால், அது ஆடும் தூரத்தில் இருக்கிறது என்று கொள்ளப்படும். அந்தத் தூரத்துக்குள் பந்து இருக்கும்போது ஒருவர் எதிராளிக்கும் பந்துக்கும் நடுவே நின்று பந்தை மறைத்துக்கொள்ளலாம். அப்படி மறைப்பவரை எதிராளி முறையாகத் தோளால் நெருக்கவும் செய்யலாம். பந்து இருவருக்குமே எட்டாத தூரத்தில் இருக்கும்போது எதிராளியின் பாதையில் வேண்டுமென்றே புகுந்து தடுப்பது வேறு கணக்கு. உடல் படாமல் தடுத்தால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் (வேறொரு வீரர்மேல் பட்ட பின்பே கோலாகக்கூடிய உதை). உடல் பட்டால் நேரடி ஃப்ரீ கிக். நீளமாக அடிக்கப்பட்ட பந்தை நோக்கி இருவர் அருகருகே ஓடும்போது ஏற்படும் இலேசான தோள் உரசலைப் பெரும்பாலான மத்தியஸ்தர்கள் கண்டும் காணாமலும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பந்து பத்து மீற்றருக்கு அப்பால் உருண்டுகொண்டிருக்கும்போது அழுத்தமாக ஒரு நெருக்கு நெருக்கினால் விசில் ஊதப்படும் என்றே எதிர்பாருங்கள்.

பந்தைக் கையில் பிடித்து வைத்திருக்கும் கோல்காப்பாளரை எவ்விதத்திலும் நெருக்கக்கூடாது. இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1958ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியில், போல்டன் வொண்டரர்ஸ் அணியின் நாட் லொஃப்ட்ஹவுஸ், மென்செஸ்டர் யுனைட்டட் கோல்காப்பாளர் ஹரி கிரெக்கைத் தோளால் மோதி, பந்தோடு சேர்த்து வலைக்குள் தள்ளினார். அது கோல் என்றே ஏற்கப்பட்டு, போல்டன் 2-0 என வென்றது. இன்று அதே மோதல் நடந்தால் முதலில் விசில் ஊதப்படும், பிறகு அட்டை வெளியே வரும். பழைய படக்காட்சிகளைப் பார்த்து ஆட்டம் கற்கும் இளைஞர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

முதலில் எதிராளியோடு சமமாக வர வேண்டும்

தோள் மோதல்கள் ஃபவுலாவதற்கு முக்கிய காரணம், எதிராளியைவிட அரையடி பின்தங்கிய நிலையில் மோதலைத் தொடங்குவதே ஆகும். நீங்கள் அரையடி பின்னால் இருந்தால் உங்கள் தோள் அவருடைய தோளின் பின்புறத்தில் அல்லது முதுகில் படும். மத்தியஸ்தரின் பார்வையில் அது முதுகில் தள்ளியதாகவே இருக்கும், பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆகவே மோதுவதற்கு முன்னர் எதிராளியோடு சமமாக வந்துசேர்வதற்கான ஓட்டத்தை ஓடி முடித்திருக்க வேண்டும். அவர் இருக்கும் இடத்தை நோக்கி ஓடாமல், பந்து அடுத்து வரவிருக்கும் இடத்தை நோக்கிச் சற்றுச் சாய்வான கோட்டில் ஓடினால், இரண்டு மூன்று அடிகளில் உங்கள் இடுப்பு அவருடைய இடுப்புக்கு நேராக வந்துவிடும். தோளைவிட இடுப்பை அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது. ஓடும்போது தோள்கள் முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டே இருக்கும். இடுப்பு அந்த அளவுக்கு ஏமாற்றாது.

சமமாக வர முடியாது என்று தெரிந்தால் மோதலைக் கைவிட்டுவிட்டு, அவரை எல்லைக்கோட்டுப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு கூடவே ஓடுங்கள். அதனால் பந்து கிடைக்காவிட்டாலும் ஒரு ஃப்ரீ கிக்கை இனாமாகக் கொடுக்காமல் தப்பலாம்.

கால் ஊன்றும் கணம்

சமமாக வந்த பிறகு, எப்போது நெருக்குவது என்பதே இந்த நுட்பத்தின் உயிர்நாடி. பெரும்பாலான வீரர்கள் பலத்தை நம்புகிறார்கள், கணத்தைக் கவனிப்பதில்லை. எதிராளி உங்கள் வலப்பக்கத்தில் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இடது கால் உங்களுக்கு அருகிலும் வலது கால் அப்பாலும் இருக்கின்றன. அவருடைய வலது கால் தரையில் ஊன்றியிருக்கும்போது நீங்கள் நெருக்கினால், அவர் அந்தக் காலையே முட்டுக்கொடுத்து உங்கள் பாரத்தைத் தாங்கிக்கொள்வார். உங்களுக்குச் சுவரில் இடித்தது போலிருக்கும். மாறாக, அவருடைய இடது கால் ஊன்றி வலது கால் அந்தரத்தில் இருக்கும் கணத்தில் நெருக்கினால், அப்பக்கத்தில் முட்டுக்கொடுக்க அவருக்கு எதுவும் இல்லை. நிலைகொள்வதற்காக வலது காலை வழக்கத்தைவிட அகலமாக வைத்தாக வேண்டும். அந்த ஓர் அகலமான காலடியிலேயே அவர் பந்து உருளும் கோட்டிலிருந்து விலகிவிடுகிறார்.

இனி உங்கள் பக்கத்தைப் பாருங்கள். வலப்புறமாக நெருக்க வேண்டுமென்றால் உங்கள் இடது கால் தரையை அழுத்தித் தள்ள வேண்டும். தோளில் சேரும் பலம் அந்தப் பாதத்திலிருந்து இடுப்பு வழியாக மேலே வருவதுதான். ஆகவே உங்கள் இடது காலும் அவருடைய இடது காலும் ஒரே நேரத்தில் ஊன்றும்படி அடியொத்து ஓட வேண்டும். எதிராளி இடப்பக்கத்தில் இருந்தால் இருவருடைய வலது கால்களும் ஒன்றாக ஊன்ற வேண்டும். அடி ஒத்துவரவில்லையென்றால், இடையில் ஒரு சிறு அடியை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். ஓரிரு வாரப் பயிற்சியில் இது யோசிக்காமலே வந்துவிடும். கீழே குனிந்து கால்களைப் பார்க்க வேண்டியதில்லை. கண் பந்தின் மீது இருக்கட்டும். அருகில் ஓடுபவரின் அடியோசையும் ஓரக்கண்ணில் படும் முழங்கால் அசைவும் போதும்.

எதிராளி பந்தை அப்பால் உள்ள காலால் தட்டும் கணம் இதற்கு மிகவும் வாய்ப்பானது. அப்போது அவர் உங்கள் பக்கத்துக் காலில் மட்டுமே நிற்கிறார், கவனமும் பந்தில் இருக்கிறது, பந்தும் ஆடும் தூரத்தில் இருக்கிறது. அவர் உங்கள் பக்கத்துக் காலால் பந்தைத் தட்டிச் செல்பவராயின், தோளை மறந்துவிடுங்கள். பந்து உங்களுக்கு அருகிலேயே வருகிறது, காலை நீட்டித் தட்டிவிடலாம்.

தோள், கை, முழங்கை

நெருக்கும்போது முழங்கால்கள் சற்று வளைந்து, இடுப்பு தாழ்ந்து, உங்கள் தோள் எதிராளியின் தோளைவிடச் சிறிது கீழே இருக்க வேண்டும். உயரமானவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். நிமிர்ந்தபடி மோதினால் அவர்களுடைய தோள் குள்ளமான எதிராளியின் முகத்திலோ கழுத்திலோ பட்டுவிடும், அதற்குப் பிறகு விளக்கம் சொல்லிப் பயனில்லை. பட வேண்டிய பகுதி, தோள் முனையிலிருந்து மேற்கையின் வெளிப்புறம் வரையிலான பகுதி மட்டுமே. நெஞ்சைத் திருப்பி முன்புறமாக மோதுவதும், பாதங்களைத் தரையிலிருந்து கிளப்பி எதிராளியின் மேல் பாய்வதும் இந்த நுட்பத்தில் சேரா.

கையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எதிராளியின் பக்கம் உள்ள கையின் மேற்பகுதி விலா எலும்போடு ஒட்டியிருக்க, முழங்கை மடிந்து, முன்கை வயிற்றுக்கு முன்னால் வர வேண்டும். ஓடும்போது கை முன்னும் பின்னும் வீசுவது இயல்பு. மோதும் கணத்தில் அந்த வீச்சை நிறுத்திவிட வேண்டும். ஏனெனில் பின்னால் போகும் முழங்கை தானாகவே வெளிப்பக்கம் விரியும், விரிந்த முழங்கைதான் மத்தியஸ்தரின் கண்ணில் முதலில் படும். கொம்பனித்தெரு, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் போன்ற இடங்களில் ஒழுங்கைகளில் ஆடிப் பழகிய பையன்களிடம் அபாரமான பந்துக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் மத்தியஸ்தர் இல்லாத ஆட்டத்தில் கையால் எதிராளியை ஒதுக்கிப் பழகிவிடுகிறார்கள். அணிக்கு வந்த பின்னர் அந்தப் பழக்கத்தை விடச் செய்வதற்கு, “தம்பி, உன் ஜேர்சியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடு” என்று சொல்வதைவிட எளிய மருந்தை நான் அறியேன்.

பாடசாலையில் றக்பியும் ஆடும் மாணவர்களுக்கு வேறொரு சிக்கல். பந்தை நோக்கி ஓடும் இருவர் தோளோடு தோள் நெருக்குவதை றக்பி விதியும் அனுமதிக்கிறது. அந்த அளவில் அவர்களுக்கு அந்த உணர்வு ஏற்கெனவே பழக்கமானதே. ஆனால் தோளைத் தாழ்த்தி எதிரிலிருந்து பாய்வதும், பாய்ந்ததும் கைகளைச் சுற்றிப் பிடிப்பதும் அவர்களுடைய உடம்பில் ஊறியிருக்கும். அவர்களுக்கு முதல் சில நாட்கள் பந்தின்றி, பக்கவாட்டு நெருக்கலை மட்டும் கொடுப்பதே சரி.

நெருக்கிய உடனே

தோள் பட்டதோடு பல வீரர்கள் வேலை முடிந்தது என்று எண்ணி ஒரு கணம் தயங்கிவிடுகிறார்கள்; விலகிப்போன எதிராளி அதற்குள் திரும்பி வந்துவிடுகிறார். இடது காலால் தள்ளி வலப்புறம் நெருக்கினீர்கள் அல்லவா? அடுத்துத் தரையில் விழும் உங்கள் வலது கால், எதிராளியின் இடது காலுக்கு முன்னால், அவருக்கும் பந்துக்கும் நடுவே விழ வேண்டும். அந்தக் காலடி விழுந்துவிட்டால் பந்தை மறைக்கும் உரிமை உங்களுடையது. பந்தைத் தொட இனி அவர் உங்களைச் சுற்றித்தான் வர வேண்டும். அந்தக் காலை அவருடைய காலுக்குக் குறுக்கே வைத்துவிடாமல், அதற்கு முன்னே உள்ள வெற்றிடத்தில் வைப்பது முக்கியம். குறுக்கே வைத்தால் அது இடறிவிட்டதாகிவிடும். பிறகு பந்தை உங்கள் இடது காலால், அவருக்கு எட்டாத பக்கத்தில் முதல் தட்டுத் தட்டுங்கள்.

எதிராளியும் இதே நுட்பம் தெரிந்தவராக இருந்து உங்கள் மேல் முழுப் பாரத்தையும் சாய்த்தால், எதிர்த்துத் தள்ளுவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அவர் சாயும் வரை தோளைக் கொடுத்து வைத்திருந்து, சாய்ந்ததும் ஒரு சிறு அடி பின்வாங்கித் தோளை எடுத்துவிடுங்கள். தாங்குவதற்கு ஆளில்லாமல் அவர் உங்கள் முன்னால் தடுமாறிச் செல்வார். நீங்கள் அவருக்குப் பின்னால் திரும்பிப் பந்தை எடுத்துக்கொள்ளலாம். இதில் விதிமீறல் எதுவும் இல்லை.

தவிர்க்க வேண்டிய நேரங்களும் உள்ளன. எதிராளி கடைசிக் கணத்தில் முதுகைத் திருப்பிப் பந்தை மறைத்தால், உங்கள் மோதல் முதுகில்தான் போய் முடியும். வேகத்தைக் குறைத்து, அவர் திரும்பும் வரை காத்திருங்கள். தலையால் பந்தை அடிக்க அவர் எழும்பியிருக்கையில் நீங்கள் தரையில் நின்றபடி கீழிருந்து தோளைக் கொடுக்கவே கூடாது. அந்தரத்தில் நிலைகுலைபவர் தலைகுப்புற விழக்கூடும். தூரத்திலிருந்து ஓடிவந்து அதே வேகத்தில் மோதுவதும் வேண்டாம். தோளோடு தோளே பட்டாலும், அந்த வேகம் ஒன்றே அதைப் பொறுப்பற்ற செயலாக்கிவிடும்.

பயிற்சி

இதற்குப் பெரிய மைதானம் தேவையில்லை என்பது கொழும்பில் இருப்பவர்களுக்கு நல்ல செய்தி. மைதானத்தை மூன்று அணிகள் பகிர்ந்துகொள்ளும் மாலை நேரத்திலும், பத்துக்குப் பதினைந்து மீற்றர் அளவில் ஒரு மூலை கிடைத்தால் போதும். உடலை நன்றாகச் சூடேற்றிய பிறகு, ஏறத்தாழ ஒரே எடையுள்ள இருவரைத் தோள் தொடும்படி அருகருகே நிறுத்துங்கள். இருவரும் தத்தம் ஜேர்சி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, விசில் ஊதியதும் ஐந்து விநாடிகள் ஒருவரையொருவர் நெருக்கட்டும். இடுப்பைத் தாழ்த்தியவரே வெல்வார் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

அடுத்து அதே இருவரும் அடியொத்து மெதுவாக ஓடட்டும். “இப்போது” என்று நீங்கள் சொல்லும்போது ஒருவர் மட்டும் நெருக்க வேண்டும். சரியான கால் ஊன்றியிருக்கும்போது சொல்வதும், வேண்டுமென்றே தவறான கால் ஊன்றியிருக்கும்போது சொல்வதும் என மாற்றி மாற்றிச் செய்தால், எவ்வளவு விளக்கினாலும் புரியாத வேறுபாடு உடம்புக்குப் புரிந்துவிடும். அது படிந்த பிறகே பந்தைக் கொண்டுவாருங்கள்: இருவருக்கும் நடுவால் பந்தை உருட்டிவிட்டு, ஒரே கோட்டிலிருந்து ஓடவிடுங்கள். சில நாட்களுக்குப் பிறகு ஒருவருக்கு அரையடி முன்தொடக்கம் கொடுங்கள்; பின்னால் இருப்பவர் மோதலா, கைவிடலா என்று ஓடும்போதே முடிவெடுக்கப் பழகுவார். மூன்றாவது வீரர் ஒருவரிடம் விசிலைக் கொடுத்து மத்தியஸ்தராக நிறுத்துவது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஃபவுல் ஊதி, அதற்குக் காரணமும் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு வந்ததும் விதி மனதில் ஒட்டிக்கொள்கிறது.

வீட்டில் செய்வதற்கு ஒற்றைக் காலில் நிற்றலும், பக்கவாட்டில் ஒரு முன்கையின் மேல் உடலைத் தாங்கி நிற்றலும், தண்டால் எடுப்பதும் போதும். தோளைவிட இடுப்பும் வயிற்றுப் பக்கத் தசைகளுமே இதில் அதிகம் உழைக்கின்றன.

மத்தியஸ்தரும் மைதானமும்

முறையாக நெருக்கிப் பந்தை எடுத்த பிறகு, கைகளை உயர்த்தி “நான் ஒன்றும் செய்யவில்லை, சேர்” என்று காட்டுவது பலருக்கு வழக்கம். அப்படிக் காட்டுவதற்குள் பந்து போய்விடும். மத்தியஸ்தருக்கும் இல்லாத சந்தேகம் வந்துவிடும். விசில் கேட்காதவரை ஆடிக்கொண்டே இருங்கள். முதல் பத்து நிமிடங்களில் அன்றைய மத்தியஸ்தர் எவ்வளவு நெருக்கலை அனுமதிக்கிறார் என்று கவனித்து, அதற்கேற்ப அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். அளவை முடிவு செய்யும் அதிகாரத்தை விதி அவரிடமே விட்டிருக்கிறது.

மைதானத்தையும் போட்டிக்கு முன்பே ஒரு சுற்று நடந்து பாருங்கள். சுகததாச விளையாட்டரங்கில் ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பாதை இருப்பதால் எல்லைக்கோட்டுக்கு அப்பாலும் தடுமாறி நிற்க இடமுண்டு. நகரத்தின் சிறிய மைதானங்கள் சிலவற்றில் கோட்டை ஒட்டியே மதிலோ கம்பிவேலியோ கொங்கிறீட் கானோ இருக்கும். அங்கே எல்லைக்கோட்டுப் பக்கமாக ஒருவரை வேகத்தில் நெருக்கினால், விதி அனுமதித்தாலும் அவருடைய கை கால் உடையலாம். அத்தகைய பக்கத்தில் தோளைத் தவிர்த்து, ஓட்டத்தை மறித்தே பந்தை வெளியேற்றுங்கள்.

மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் இடிமழையும் புற்றரையை வழுக்கலாக்கிவிடும். நெருக்கும் பலம் ஊன்றிய பாதத்திலிருந்து வருவதால், அந்தப் பாதம் வழுக்கினால் நீங்களே எதிராளியின் கால்களுக்குள் சரிந்து விழுவீர்கள்; அதைச் சறுக்கித் தடுத்த ஃபவுலாக மத்தியஸ்தர் எடுத்துக்கொள்ளவும் கூடும். ஈரத்தில் அடிகளைக் குறுக்கி, பாரத்தைப் பாதத்தின் நடுவில் வைத்து, பாதிப் பலத்தோடு நெருக்குங்கள். எதிராளிக்கும் பிடிமானம் இல்லாததால் அந்தப் பாதிப் பலமே போதுமானது. மோதிய பின்னர் தோளின் மேற்புறத்திலோ காறை எலும்பிலோ வலி இருந்து, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமற்போனால், அன்றைய ஆட்டத்தை அத்தோடு நிறுத்தி, கையைத் துணியால் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டு, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.